இறாற்பண்ணையும் மனித உயிரும்: கொக்கட்டிச்சோலைத் தீர்ப்பும் பிரசைகளின் அடிப்படை உரிமைகளும்

1

மட்டக்களப்பு வாவியின் மேலைக்கரையைப் படுவான்கரை என்பது வழக்கு. ஞாயிறு படும் கரை என்பது அதன் பொருள். நெல்வயல்களாலும் தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாலும் அக்கரையிற் பெயர்பெற்று விளங்குவது கொக்கட்டிச்சோலை. இவ்வூரை அடுத்து நிகழ்ந்த ஒரு சம்பவம் சருவதேச முதலீட்டுச் சட்டத்தின் வரலாற்றில் ஒரு தொடக்கப் புள்ளியாக அமைந்துள்ளது. எனினும் இச்செய்தி நம்மவரிடையே போதிய கவனத்தைப் பெற்றதாகக் கூறுவதற்கில்லை.

1990ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் திகதி, முதலீட்டுத் தகராறுகளைத் தீர்ப்பதற்கென வாஷிங்டனில் இயங்கும் சருவதேச நிலையத்தின் கீழ் அமைந்த நடுத்தீர்ப்பு மன்றமொன்று இலங்கை அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வழங்கியது. வழக்கிட்டது ஹொங்கொங்கிற் பதிவுபெற்ற ‘ஏசியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ்’ என்னும் கம்பனி. வழக்கின் பொருள் 1987ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது அழிந்துபோன ஓர் இறாற்பண்ணை. இரு நாடுகளுக்கிடையிலான முதலீட்டு உடன்படிக்கையொன்றை மாத்திரமே அடிப்படையாகக் கொண்டு, தனியார் நிறுவனமொன்று ஓர் அரசை இந்நிலையத்தின் முன் நிறுத்தித் தீர்ப்புப் பெற்றமை இதுவே முதன்முறை. ஆதலின் உலகெங்கும் முதலீட்டுச் சட்டம் கற்போர் இத்தீர்ப்பைக் கற்கின்றனர். ஆயின் அவர்கள் கற்பது கம்பனியின் பெயரையேயன்றி ஊரின் பெயரையன்று.

இத்தீர்ப்பை ஒரு பிரதியாக வாசித்து, அது எவருக்கு உரிமை வழங்கிற்று, எவரை வெறுஞ் சூழல் விவரமாகக் கடந்து சென்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதனூடாக, பிரசைகளின் அடிப்படை உரிமைகளைப் பலப்படுத்திய முன்மாதிரியாக எடுத்துக்காட்டப்பெறும் ஐரோப்பியச் சட்டத்தின் அனுபவம் நமக்கு உணர்த்துவது யாது என்பதையும் நோக்க விழைகின்றோம்.

2

முதலில் தீர்ப்பின் உள்ளடக்கத்தைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். இறாற்பண்ணையை நடாத்தியது ‘செரண்டிப் சீஃபூட்ஸ்’ என்னும் இலங்கைக் கம்பனி. அதன் பங்குகளில் 48.2 சதவீதம் ஹொங்கொங் கம்பனிக்கு உரியவை. 1980ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கையும் பிரித்தானியாவும் செய்துகொண்ட முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை, மறு ஆண்டில் அன்றைய பிரித்தானியக் குடியேற்றமான ஹொங்கொங்கிற்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வழியாகவே வாவிக்கரை இறாற்குளங்கள் ஐரோப்பிய நாடொன்றின் உடன்படிக்கைப் பாதுகாப்பினுள் வந்தன.

கம்பனி கோரிய நட்டஈடு எண்பது இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சற்று மேற்பட்டது. மன்றம் வழங்கியதோ 460,000 டொலரும், 1987 ஜூலை 9 முதல் நூற்றுக்குப் பத்து வீத வட்டியும். எதிர்கால இலாபம், நற்பெயர் ஆகியன கணக்கில் எடுக்கப்படவில்லை.

தொகையைக் காட்டிலும் மன்றத்தின் தர்க்கமே நமக்கு முக்கியமானது. உடன்படிக்கை வழங்கிய பாதுகாப்பு நிபந்தனையற்ற உத்தரவாதம் என்ற கம்பனியின் வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. பண்ணையை அழித்தது அரச படையா, போராளிகளா என்பது ஐயந்திரிபற நிறுவப்படவில்லை என்றும் அது கண்டது. அங்ஙனமாயினும் அரசு பொறுப்பிலிருந்து தப்பவில்லை. தன் ஆட்புலத்தினுள் உள்ள சொத்தைக் காப்பதற்கு ஓர் அரசு உரிய கவனத்துடன் செயற்பட்டதா என்பதே மன்றம் எழுப்பிய வினா. பண்ணை முகாமையாளர் நடவடிக்கைக்குச் சில நாட்களின் முன்னரே அதிகாரிகளைச் சந்தித்து ஒத்துழைக்க இசைந்திருந்தார். சந்தேகத்துக்குரிய ஊழியர் எவரேனும் இருப்பின், அவர்களை முகாமையினூடாக அமைதியான முறையில் வெளியேற்ற அரசு முயன்றிருக்கலாம். அவ்வாறு முயன்றிருப்பின் உயிரிழப்பும் அழிவும் நேரும் அபாயம் குறைந்திருக்கும். இதனைச் செய்யாமையே அரசின் தவறு என மூவருள் இருவர் கண்டனர். மூன்றாமவரான கானா நாட்டுச் சட்டவறிஞர் சாமுவேல் அசாந்தே இம்முடிவிலிருந்து மாறுபட்டார்.

இத்தர்க்கம் மிக உயர்ந்ததொன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். ஓர் அரசு தன் பாதுகாப்பு நடவடிக்கையை எவ்வாறு திட்டமிட்டது, குறைந்த தீங்கு விளைவிக்கும் வழியொன்று இருந்ததா என்றெல்லாம் சுயாதீன மன்றமொன்று வினவிய அரிதான சந்தர்ப்பம் இது. ஆனால் அவ்வினாவின் பயன் எவரைச் சென்றடைந்தது?

அந்நடவடிக்கையில் இருபதுக்கு மேற்பட்ட பண்ணை ஊழியர் கொல்லப்பட்டனர் என்ற செய்தி தீர்ப்பேட்டிலும் பதிவாகியுள்ளது. அயற்கிராம மக்களையும் சேர்த்து எண்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்பது படுவான்கரையின் நினைவு. ஆயின் தீர்ப்பில் இம்மனிதர்கள் உரிமையாளராக இடம்பெறவில்லை. அழிவின் சூழலை விளக்கும் விவரமாகவே அவர்கள் வந்து போகின்றனர். குளங்கள் மதிப்பிடப்பட்டன, கட்டடங்கள் மதிப்பிடப்பட்டன, கரையிலே வேலைசெய்த மனிதரின் உயிர் அம்மன்றத்தின் அதிகார வரம்பினுள் வரவில்லை. மன்ற உறுப்பினரின் மனச்சாட்சிக் குறையாக இதனைக் கொள்ளல் தவறாகும். அவர்களுக்கு அளிக்கப்பட்ட உடன்படிக்கை மூலதனத்துக்கு மாத்திரமே வாய் கொடுத்திருந்தது. குறை அமைப்பினுடையது.

3

இனி, அதே நாளில் அதே நிலத்தில் பாதிக்கப்பட்ட பிரசையின் நிலையை நோக்குவோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடுகின்றது. சித்திரவதைக்கு எதிரான உரிமை, சமத்துவம், சட்டமுறையற்ற கைதிலிருந்து பாதுகாப்பு ஆகியன அவற்றுட் சில. ஆனால் உயிர்வாழும் உரிமை அதில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாத காலத்தினுள் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்தை நாடுதல் வேண்டும். தானோ தன் சார்பில் ஒரு சட்டத்தரணியோ மனுச் செய்யலாம் என்பது விதி. கொல்லப்பட்டவர் தானாக மனுச் செய்தல் இயலாது. அவரது குடும்பத்தினர் மனுச் செய்யலாம் என்பதும் அன்று நிலைநாட்டப்பட்டிருக்கவில்லை. சித்திரவதையால் இறந்தவரின் மனைவி அவ்வுரிமையைக் கோரலாம் என்றும், உயிர்வாழும் உரிமை 13ஆம் உறுப்புரையில் உட்பொதிந்துள்ளது என்றும் உயர் நீதிமன்றம் விளக்கமளித்தது 2003ஆம் ஆண்டிலேயே.

ஹொங்கொங் கம்பனி சருவதேச நிலையத்திடம் தன் வேண்டுகோளைச் சமர்ப்பித்தது 1987 ஜூலை 8ஆம் திகதி. அதாவது, சம்பவம் நிகழ்ந்து ஐந்து மாதங்கள் கடந்த பின்னர். அதே நாளில் கொக்கட்டிச்சோலையைச் சேர்ந்த விதவை ஒருத்தி கொழும்பு நீதிமன்றத்துக்குச் சென்றிருப்பாளாயின், காலம் கடந்துவிட்டது என்ற ஒரு காரணத்தாலேயே அவளது மனு தள்ளுபடியாகக் கூடியதாயிருந்தது. அன்று மண்முனைத் துறையிற் பாலமில்லை. பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேயே. வாவியைக் கடப்பதே அச்சத்துக்குரிய காரியமாயிருந்த ஒரு காலத்தில், ஒரு மாத எல்லை என்பது உரிமையின் வாயிலாக இருந்ததா, பூட்டாக இருந்ததா என்பதை வாசகர் தீர்மானிக்கலாம்.

இம்மட்டோடு அமையவில்லை. 1982ஆம் ஆண்டின் இழப்புக்காப்புச் சட்டம் 1988ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டது. 1977 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் 1988 டிசம்பர் 16ஆம் திகதி வரை, நல்லெண்ணத்துடன் செய்தவையாகக் கூறப்படும் அரச அலுவலர், படையினர் ஆகியோரின் செயல்களுக்கு எதிரான வழக்குகளிலிருந்து அவர்களுக்குக் காப்பளித்தது அத்திருத்தம். 1987 ஜனவரி இக்கால எல்லையினுள் அடங்குவது. ஆகவே கம்பனியின் வழக்கு வாஷிங்டனில் விசாரணையில் இருந்த அதே காலத்தில், மனித உயிர்கள் பற்றிய வழக்குகளின் பாதை உள்நாட்டிலே சட்டத்தாலேயே ஒடுக்கப்பட்டது.

1991 ஜூன் 12ஆம் திகதி கொக்கட்டிச்சோலைப் பகுதி மீண்டுமொரு படுகொலையைக் கண்டது. குண்டுவெடிப்பொன்றில் இராணுவத்தினர் இருவர் இறந்ததைத் தொடர்ந்து மகிழடித்தீவிலும் அயலூர்களிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். இம்முறை சனாதிபதி விசாரணை ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. நாட்டின் வரலாற்றில் இது குறிப்பிடத்தக்கதே. கொல்லப்பட்டோர் 67 பேர் என ஆணைக்குழு கண்டது. ஊரார் கூறிய தொகை அதனிலும் இரு மடங்குக்கு மேற்பட்டது. மோதலின் இடையே அகப்பட்டு மக்கள் இறக்கவில்லை, பழிவாங்கும் நோக்குடன் கொல்லப்பட்டனர் என்ற முடிவுக்கு வந்த ஆணைக்குழு, குடும்பங்களுக்கு நட்டஈடும் விதந்துரைத்தது. ஆயினும் பின்னர் கூடிய இராணுவ நீதிமன்றம், கட்டளை அதிகாரியைத் தன் கீழுள்ளோரைக் கட்டுப்படுத்தத் தவறியமைக்கும் சடலங்களைச் சட்டமுறையற்று அகற்றியமைக்கும் மாத்திரமே குற்றவாளியாகக் கண்டது. ஏனைய பத்தொன்பது பேரும் விடுவிக்கப்பட்டனர். உண்மை ஓர் அறிக்கையில் நிலைபெற்றது. நீதி வேறொரு மன்றத்தில் நின்றுபோயிற்று.

4

இவ்விடத்து ஐரோப்பாவின் அனுபவத்தை நோக்குதல் பொருத்தமுடையது. ஐரோப்பியச் சட்டம் என்னும்போது இரு வேறு அமைப்புகளைக் குறிக்கின்றோம். ஒன்று, 1950ஆம் ஆண்டின் மனித உரிமைச் சமவாயமும் அதனைக் காக்கும் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றமும். மற்றையது, பொருளாதாரச் சமுதாயமாகத் தோன்றி ஒன்றியமாக வளர்ந்த அமைப்பும் அதன் லக்சம்பேர்க் நீதிமன்றமும்.

இவ்விரண்டாவது அமைப்பின் வரலாறு நமது பொருளுக்கு நேரடியாக ஒளியூட்டுவது. 1963ஆம் ஆண்டில், ஐரோப்பியச் சமுதாய உடன்படிக்கை அரசுகளை மாத்திரமன்றித் தனிமனிதரையும் உரிமையாளராகக் கொள்கின்றது என லக்சம்பேர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கைத் தொடுத்தவர் சுங்க வரியை எதிர்த்த ஒரு டச்சுக் கம்பனியார். 1970ஆம் ஆண்டில், அடிப்படை உரிமைகள் சமுதாயச் சட்டத்தின் பொதுத் தத்துவங்களுள் அடங்கும் என்ற கோட்பாடு உறுதிபெற்றதும் ஒரு ஜேர்மன் ஏற்றுமதி நிறுவனத்தின் வழக்கிலேயே. ஐரோப்பாவிலும் கதவை முதலில் தட்டியவர் வணிகரே என்பது இதனாற் போதரும். ஆனால் 1976ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த விமானப் பணிப்பெண் ஒருவர் சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் கோட்பாட்டை அதே கதவின் வழியாக வென்றெடுத்தார். 2000ஆம் ஆண்டிற் பிரகடனப்படுத்தப்பெற்ற அடிப்படை உரிமைகள் சாசனம் 2009 டிசம்பரிலே கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. வணிகனுக்குத் திறந்த கதவு தொழிலாளிக்கும் பெண்ணுக்கும் பிரசைக்கும் படிப்படியாக அகன்றது. கொக்கட்டிச்சோலையிலோ அக்கதவு வணிகனின் தோளகலத்துக்கு மேல் அகலவில்லை.

ஸ்ட்ராஸ்பேர்க்கின் வரலாறு இன்னும் கூர்மையானதோர் ஒப்பீட்டைத் தருகின்றது. 1988ஆம் ஆண்டில் ஜிப்ரால்டரில் ஐரிஷ் குடியரசுப் படையினர் மூவரைப் பிரித்தானிய விசேட படையினர் சுட்டுக்கொன்றனர். 1995ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தீர்த்த நீதிமன்றம், சுட்டவரின் செயலை மாத்திரமன்றி நடவடிக்கை முழுமையும் திட்டமிடப்பட்ட முறையையும் ஆராய்ந்து, உயிரிழப்பைக் குறைக்கும் கவனம் போதாமையாற் பிரித்தானியா உயிர்வாழும் உரிமையை மீறியது எனக் கண்டது. 1998ஆம் ஆண்டிலே துருக்கியின் தென்கிழக்குக் கிராமமொன்றின் வழக்கு வந்தது. பாதுகாப்பு நடவடிக்கையின்போது பெண்ணொருத்தி துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தாள். சுட்டது எவர் என்பது நிறுவப்படவில்லை. எனினும், கிராமத்தவரைக் காக்கும் முறையில் நடவடிக்கையைத் திட்டமிடாமையும் மரணத்தை முறையாக விசாரியாமையும் போதும் என்று கூறி, அரசைப் பொறுப்பாளியாக்கிற்று நீதிமன்றம்.

இத்தர்க்கம் நமக்குப் புதியதன்று. எவர் கையால் அழிவு நேர்ந்தது என்பது நிறுவப்படாவிடினும், அபாயத்தைக் குறைக்கும் வழியை அரசு நாடாமையே தவறு என்ற அதே தர்க்கத்தைக் கொக்கட்டிச்சோலை இறாற்பண்ணைக்கு நடுத்தீர்ப்பு மன்றம் 1990இலேயே பிரயோகித்துவிட்டது. துருக்கிக் கிராமத்துப் பெண்ணின் உயிருக்குக் கிடைத்த அளவுகோல், படுவான்கரையில் இறாற்குளங்களுக்குக் கிடைத்தது. அளவுகோல் இல்லாமையன்று நமது பிரச்சினை. அளவுகோலைக் கையிலெடுக்கும் உரிமை எவருக்குண்டு என்பதே பிரச்சினை.

5

இவ்வொப்பீட்டுக்கு எதிராக இரு தரப்பினர் வாதிடக்கூடும். முதலாவது தரப்பினர், முதலீட்டு உடன்படிக்கை பொருளாதார வளர்ச்சிக்காக அரசு மனமுவந்து ஏற்ற கடமை, அதனை மனித உரிமையோடு ஒப்பிடல் பொருந்தாது என்பர். இதற்கு நமது அரசியலமைப்பே விடையளிக்கின்றது. அதன் 157ஆம் உறுப்புரையின்படி, பாராளுமன்றம் மூன்றில் இரண்டு பெரும்பான்மையால் அங்கீகரிக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் நாட்டிற் சட்டவலு பெறும். தேசிய பாதுகாப்பின் நலன் கருதியன்றி அவற்றுக்கு மாறாகச் சட்டமியற்றவோ நிருவாகம் செயற்படவோ இயலாது.

மனித உரிமைப் பொருத்தனைகளுக்கு இத்தகைய காப்பு இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய பொருத்தனையின் விருப்புப் பத்திரத்தை 1997ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றது. மட்டக்களப்பு மாவட்டத்திற் கைதாகி, ஒப்புதல் வாக்குமூலமொன்றின் மீதே தண்டிக்கப்பெற்ற சிங்கராசா என்பாரின் முறைப்பாட்டை ஆராய்ந்த ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, 2004ஆம் ஆண்டில் அவரது உரிமைகள் மீறப்பட்டன எனக் கண்டது. ஆனால் 2006 செப்டம்பரில் உயர் நீதிமன்றம், அப்பத்திரத்தைச் சனாதிபதி ஏற்றமை அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் வலுவற்றது எனத் தீர்த்தது. ஆகவே, அரசு மனமுவந்து ஏற்றவை இரண்டுமே. ஒன்றுக்கு அரசியலமைப்பு கோட்டை கட்டிற்று. மற்றையதைக் கோட்டைக்கு வெளியே நிறுத்திற்று.

இரண்டாவது தரப்பினர் முற்போக்கு அணியைச் சார்ந்தோர். சட்ட உரிமை என்பது உடைமை வர்க்கத்தின் போர்வை, கொக்கட்டிச்சோலைத் தீர்ப்பே அதற்குச் சான்று என அவர்கள் கூறலாம். 1844ஆம் ஆண்டின் ‘யூதப் பிரச்சினை குறித்து’ என்னும் கட்டுரையில் மனித உரிமைப் பிரகடனங்கள் பற்றி மார்க்ஸ் முன்வைத்த விமர்சனத்தையும் அவர்கள் நினைவூட்டலாம். இவ்விமர்சனத்தின் வலுவை நாம் மறுப்பதற்கில்லை. ஐரோப்பாவும் இரட்டை முகம் கொண்டதே. மனித உரிமைச் சமவாயத்தை எழுதிய வல்லரசுகளே குடியேற்ற நாடுகளுக்கு அதனை விரிப்பதா இல்லையா என்ற தெரிவைத் தமக்கென வைத்துக்கொண்டன. மனித உரிமை நிபந்தனையுடன் கூடிய ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் இலங்கையிடமிருந்து மீளப்பெற்றது. 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கியது. இந்நிபந்தனையின் அழுத்தம் முற்றிலும் பயனற்றதன்று. 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியதை அடுத்து, 2022ஆம் ஆண்டில் அச்சட்டம் ஓரளவு திருத்தப்பட்டது. ஆயினும் வரிச்சலுகையின் பேரத்தில் அமர்வோர் இரு அரசாங்கங்களே. அதன் இழப்பைத் தாங்குவோருள் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் உளர். கொக்கட்டிச்சோலை விதவைக்கு அப்பேரத்தில் ஆசனமில்லை.

எனினும் உரிமைச் சட்டத்தையே நிராகரித்தல் இவ்விமர்சனத்தின் முடிவாக இருத்தல் ஆகாது. மூலதனம் சட்டத்தை நிராகரிக்கவில்லை. தனக்கு வேண்டிய மன்றத்தைக் கட்டிக்கொண்டது. ஐரோப்பா அம்மன்றத்தின் எல்லையையும் உணரத் தொடங்கியுள்ளது என்பதற்கு 2018 மார்ச்சில் லக்சம்பேர்க் வழங்கிய தீர்ப்பொன்று சான்று. ஒன்றிய நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கையொன்றில் அமைந்திருந்த முதலீட்டு நடுத்தீர்ப்பு ஏற்பாடு ஒன்றியச் சட்டத்தோடு பொருந்தாது என அது கூறிற்று. முதலீட்டாளனுக்கெனத் தனிக்கதவு வேண்டா, யாவரும் நுழையும் பொதுக்கதவே போதும் என்பது அதன் உட்பொருள் எனலாம்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. உரிமை என்பது பட்டியலில் எழுதப்படுவதாற் பலம் பெறுவதில்லை. நான்கு அம்சங்களாலேயே அது பலம் பெறுகின்றது: பாதிக்கப்பட்டவர் தானே வழக்கிடும் தகுதி, நியாயமான கால அவகாசம், எதிராளியாகிய அரசின் பிடிக்குள் இல்லாத தீர்ப்பாளர், தீர்ப்பை நிறைவேற்றும் கட்டாயம் என்பன அவை. 1987ஆம் ஆண்டின் கொக்கட்டிச்சோலையில் இந்நான்கும் ஒரு கம்பனிக்கு இருந்தன. 1965ஆம் ஆண்டின் வாஷிங்டன் சமவாயப்படி அதன் தீர்ப்பை உறுப்பு நாடுகள் யாவும் தத்தம் நீதிமன்றத் தீர்ப்புப் போலவே ஏற்றல் வேண்டும். அதே மண்ணில் வாழ்ந்த பிரசைக்கு இந்நான்கும் ஒருசேரக் கிடைக்கவில்லை. ஐரோப்பியப் பிரசைகள் பெற்ற பலமும் இந்நான்கினாலேயே வந்தது. ஸ்ட்ராஸ்பேர்க்கிற்குத் தனிமனிதர் நேரே முறையிடும் உரிமை எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கட்டாயமானது 1998 நவம்பரிலேயே. அதாவது, அவர்களுக்கும் சமவாயம் எழுதப்பட்ட நாளிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் கால முயற்சி தேவைப்பட்டது.

இலங்கையில் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பேசப்படும் வேளைகளில் அதிகாரப் பகிர்வே முதன்மை பெறுவது இயல்பு. அதனோடு இக்கோரிக்கைகளும் இணைக்கப்படுதல் வேண்டும் என்பது எமது கருத்து: உயிர்வாழும் உரிமையை வெளிப்படையாக எழுதுதல்; ஒரு மாத எல்லையை அகற்றி, இறந்தோரின் குடும்பத்தினர்க்கு மனுச் செய்யும் தகுதியை அரசியலமைப்பிலேயே உறுதிப்படுத்தல்; அடிப்படை உரிமை மனுக்களை மாகாண மட்டத்திலுள்ள மேல் நீதிமன்றங்களும் ஏற்க வழிசெய்தல்; முதலீட்டு உடன்படிக்கைகளுக்கு 157ஆம் உறுப்புரை தரும் காப்பை மனித உரிமைப் பொருத்தனைகளுக்கும் விரித்தல். இறுதியாகக் கூறியது புதுமையான கோரிக்கையன்று. மூலதனத்துக்கு ஏற்கனவே வழங்கப்பட்டதை மனிதருக்கும் வழங்குமாறு கேட்பதே அது.

படுவான்கரை மக்கள் ஜனவரி மாதத்திலும் ஜூன் மாதத்திலும் தம் இறந்தோரை நினைவுகூர்கின்றனர். அவர்களின் நட்டம் எந்த நடுத்தீர்ப்பு மன்றத்தாலும் மதிப்பிடப்படவில்லை. இறாற்பண்ணையின் மதிப்பு டொலரில் எழுதப்பட்டு உலகச் சட்டநூல்களில் நிலைபெற்றுவிட்டது. அவ்வெழுத்தின் அருகே, அங்கு வேலைசெய்து மடிந்தோருக்குச் சட்டம் யாது செய்தது என்ற வினாவும் எழுதப்படும் வரை, அத்தீர்ப்பு அரைகுறைப் பிரதியாகவே இருக்கும்.